மன்னிப்பு கிடைத்த பிறகும் மனசு ஏன் லேசாகவில்லை?

பத்து வருடத்துக்கு முன் செய்த தவறை ஆண்டவரிடம் எத்தனையோ தடவை அறிக்கையிட்டுவிட்டேன், ஆனாலும் பாரம் இறங்கவில்லை, "முழுசாக ஒப்புக்கொடு" என்கிறார்கள், அப்படியென்றால் என்னதான் செய்யவேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கேள்வியோடு நான் ஆறு வருடம் அலைந்தேன். அதனால் வசனங்களை அடுக்காமல் எனக்கு நடந்ததையே சொல்கிறேன்.

2007 டிசம்பரில் அக்காவிடம் 11 பவுன் நகை வாங்கினேன். தொழிலுக்கு முன்பணம் கட்டவேண்டும், மூன்றே மாதத்தில் மீட்டுத் தந்துவிடுகிறேன் என்றேன். தொழில் என்று ஒன்றும் இல்லை. நகையை அடகு வைத்து அந்தப் பணத்தைப் பங்குச்சந்தையில் போட்டேன், அதிலும் கைக்கு மீறிய அளவில் ஃப்யூச்சர்ஸில், அதாவது கொஞ்சம் முன்பணம் மட்டும் கட்டி, பின்னால் வரப்போகிற விலையை நம்பிப் போடுகிற ஒப்பந்தங்களில். 2008 ஜனவரி 21, திங்கட்கிழமை, பங்குச்சந்தைக் குறியீடான சென்செக்ஸ் ஒரே நாளில் 1400 புள்ளிக்கு மேல் விழுந்தது. அந்த வாரத்திலேயே என் கணக்கு காலி. வட்டி கட்ட வழியில்லாமல் நகை ஏலத்துக்குப் போனது. அக்காவிடம் நான் சொன்னது, அடகுக்கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு ஓடிவிட்டார் என்று. நம்பினாள். நம்பியதோடு நிற்காமல், "தம்பி என்ன செய்வான், பாவம் ஏமாந்துட்டான்" என்று எனக்காகப் புகுந்த வீட்டில் சண்டையும் போட்டாள். ஒவ்வொரு கல்யாணத்துக்குப் புறப்படும்போதும், தாலிச் செயின் மட்டும் கிடக்கிற அவள் கழுத்தைப் பார்த்து மாமியார் ஏதாவது சொல்வார், அதையும் என்னிடமே போனில் சொல்லி அழுவாள். நான் ஆறுதல் சொல்வேன்.

இத்தனைக்கும் நான் கோயிலை விட்டு ஒருநாளும் விலகவில்லை. பாடகர் குழுவில் இருந்தேன், வாலிபர் கூட்டம் நடத்தினேன். திருவிருந்துக்கு முந்தின ஆயத்த ஆராதனையில் முழங்கால் போட்டு அழுவேன், டிசம்பர் 31 இராத்திரி புது வருடத்துக்கான வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுக்கும்போதும் அழுவேன். ஒரு வாரம் லேசாக இருக்கும். அப்புறம் அக்காவிடமிருந்து போன் வரும், அவள் பெயரைத் திரையில் பார்த்ததுமே வயிற்றைப் பிசையும். பாவத்தை அடக்கிவைத்த காலமெல்லாம் எலும்புகள் உலர்ந்துபோயின என்று 32ஆம் சங்கீதத்தில் தாவீது சொல்வது உவமை இல்லை, உடம்பில் நடக்கிற விஷயம் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

2014 லெந்து காலத்தில், ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்களில், எங்கள் போதகர் ஐயாவிடம் தனியாகப் பேசினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "கர்த்தர்கிட்ட சொல்லிட்டீங்க, சரி. அக்காகிட்ட?" என்றார். மத்தேயு 5ஆம் அதிகாரத்தை எடுத்து வாசிக்கச் சொன்னார். பலிபீடத்தில் காணிக்கை வைக்க வருகிறவன், சகோதரனுக்குத் தன்மேல் குறை உண்டென்று அங்கே நினைவுகூர்ந்தால், காணிக்கையை அப்படியே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாக வேண்டும் என்று வருகிற இடம். நூறு தடவை வாசித்த பகுதிதான்.

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. பாவத்தை ஆண்டவரிடம் கொடுத்துவிட்டேன், ஆனால் என் பெயரைக் கொடுக்கவில்லை. நல்ல தம்பி, நல்ல சபைப்பிள்ளை என்கிற அந்தப் பெயரைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டே, விடுதலை தாரும் என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். ஒப்புக்கொடுப்பது என்பது என் விஷயத்தில் அந்தப் பிடியை விடுவதுதான்.

ஒன்றைத் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். போய்ச் சொன்னதாலோ திருப்பிக் கொடுத்ததாலோ மன்னிப்பு வரவில்லை. லூக்கா 19இல் வரி வசூலிக்கிற சகேயு விஷயத்தைப் பாருங்கள். மரத்திலிருந்து இறங்கி வா, இன்றைக்கு உன் வீட்டில் தங்கவேண்டும் என்று இயேசு சொன்னபோது சகேயு ஒரு காசுகூடத் திருப்பிக் கொடுத்திருக்கவில்லை. ஏழைகளுக்குப் பாதி ஆஸ்தி, யாரிடம் ஏமாற்றி வாங்கினானோ அவர்களுக்கு நாலத்தனையாய், அதாவது நாலு மடங்காக, என்ற பேச்சே அதற்குப் பிறகுதான் வருகிறது. ஏற்கெனவே ஏற்றுக்கொள்ளப்பட்டவன் என்று தெரிந்ததால்தான் என்னாலும் அக்கா வீட்டு வாசலில் போய் நிற்க முடிந்தது, இல்லாவிட்டால் அந்தத் தைரியம் எனக்கு ஏழு ஜென்மத்திலும் வந்திருக்காது.

சொன்னேன். அவள் அழவில்லை, கட்டிப்பிடிக்கவும் இல்லை. "நகையைத் தருவே சரி. ஆறு வருஷம் நான் வாங்கின பேச்சை எப்படித் திருப்பித் தருவே?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. காப்பி போட்டு வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள், அப்புறம் 14 மாதம் என்னோடு பேசவே இல்லை. ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு ஒரு விஷயம் உறைத்தது, இனிமேல் ஞாபகம் வைத்துக் காப்பாற்றவேண்டிய பொய் என்று ஒன்றும் என்னிடம் இல்லை. தம்பி என்கிற உறவே போய்விடுமோ என்று பயமாக இருந்தது, அவள் முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது, அழுதேன், ஆனாலும் அந்த ஆறு வருட மூச்சுமுட்டல் இல்லை. இதைத்தான் நான் விடுதலை என்கிறேன்.

"அமேசிங் கிரேஸ்" பாட்டை எழுதிய ஜான் நியூட்டனைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். 1748இல் அட்லாண்டிக் கடலில் புயலில் சிக்கி ஆண்டவரைக் கூப்பிட்டவர், ஆனால் அதற்கப்புறமும் அடிமைக் கப்பலுக்குத் தலைவராகப் போனவர். 1754இல் கடல் தொழிலை விட்டார், 1764இல் குருவானார், அந்த அடிமை வியாபாரத்தில் தன் பங்கைப் பற்றி வெளிப்படையாக ஒரு சிறு நூல் எழுதியது 1788இல். தொழிலை விட்டு 34 வருடம். எவ்வளவு உண்மையாகச் சொன்னாலும், நடந்த கொடுமையைச் சரிசெய்ய இந்த அறிக்கை மிகத் தாமதம் என்று அவரே அதில் ஒத்துக்கொள்கிறார். மனந்திரும்புதல் ஒரே இராத்திரியில் முடிகிற காரியம் என்று மேடையில் சாட்சி சொல்கிறவர்களைக் கேட்டு நீங்கள் சோர்ந்துபோகக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். எனக்கு ஆறு வருடம், அவருக்கு 34.

நகைக்குப் பணமாகக் கொடுக்கவில்லை, பவுனாகவே வாங்கிக் கொடுத்தேன். நான் வாங்கியபோது பவுன் 9,000 ரூபாய்க்குக் கீழே. முதல் பவுனைத் திருப்பியபோது 21,000 பக்கம், 2021இல் கடைசிப் பவுனுக்கு 35,000. நடுவில் கொரோனாவில் ஒரு வருடம் ஒன்றுமே கொடுக்க முடியவில்லை. கடைசிப் பவுன் ரசீதைப் பார்த்தபோது சகேயுவின் நாலத்தனைதான் ஞாபகம் வந்தது.

உங்களுக்குச் சொல்ல நினைப்பது, யாரிடம் சொல்லாமல் வைத்திருக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள். ஆனால் அவசரப்பட்டு எல்லாரிடமும் கொட்டவேண்டாம். நீங்கள் சொல்வதால் இன்னொருவர் வாழ்க்கை உடையும், அல்லது பாதிக்கப்பட்டவரை மறுபடி ரணப்படுத்தும் என்றால், இரகசியம் காக்கிற ஒரு போதகரிடமோ பெரியவரிடமோ பேசி யோசியுங்கள். அவர்கள் காலதாமதமாக மன்னித்தாலும், மன்னிக்கவே இல்லை என்றாலும், அது அவர்கள் உரிமை. குற்ற உணர்வு தூக்கத்தைக் கெடுத்து, செத்துப்போகலாம் என்கிற எண்ணம்வரை போகிறது என்றால் இன்றைக்கே டாக்டரைப் பாருங்கள், அது விசுவாசக் குறைவு இல்லை.

அக்கா இப்போது பேசுகிறாள். அத்தான் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. கிறிஸ்துமஸுக்கு அவர்கள் வீட்டுக்குப் போனால் அவர் எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன், தலையைக் குனிந்துகொள்வதில்லை.