பிள்ளைக்கு ஒரு பட்டியல் – கடிதம்

அன்புள்ள அக்கா,

சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கம், வேலை சென்னையில். நிலம் குத்தகையில் இருக்கிறது. மகனுக்குப் பன்னிரண்டு வயது, மகளுக்கு ஒன்பது. மகனுக்காகப் பத்து வாழ்க்கைப் பாடங்கள் எழுதி வைத்திருக்கிறேன். கடன் வாங்காதே, தினமும் படி, உடம்பைக் கவனி, உனக்குரியதை யாருக்கும் விட்டுக்கொடுக்காதே என்று போகிறது. இப்போதே கொடுக்கலாமா, பதினெட்டு வயதில் கொடுக்கலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

பிள்ளைக்கு என்ன சொல்லிவிட்டுப் போவது என்று உட்கார்ந்து யோசிக்கிற அப்பாக்கள் குறைவு. அதற்காகவே உங்களைப் பிடித்துப்போயிற்று. கடன், படிப்பு, உடம்பு எல்லாம் சரி, எப்போது வேண்டுமானாலும் சொல்லுங்கள். ஆனால் அந்த 'விட்டுக்கொடுக்காதே'யை மன்னார்குடிக்காரர் எழுதலாமா?

மேட்டூரில் ஜூன் 12-ல் திறந்தால் தண்ணீர் கல்லணைக்கு வரவே மூன்று நாலு நாள் ஆகும். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரித்து விடுவார்கள். அப்புறம் ஆறு, வாய்க்கால், மடை என்று எத்தனையோ பேர் வயலைத் தாண்டித்தான் திருத்துறைப்பூண்டி, தலைஞாயிறு பக்கத்துக் கடைமடைக்குப் போய்ச் சேர வேண்டும். மேலே இருப்பவன் எல்லாம் எனக்குரியது என்று மடையைத் திறந்தே வைத்திருந்தால் கீழே நாற்று கருகும். 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் ஜூன் 12-ல் அணையைத் திறக்கவே முடியவில்லையே, அப்போது கர்நாடகத்திடம் நாம் என்ன கேட்டோம்? கீழே இருக்கிறவனுக்கும் விடு என்றுதானே. அதைக் கேட்டு மறியல் செய்துவிட்டு, வீட்டுக்கு வந்து பிள்ளையிடம் விட்டுக்கொடுக்காதே என்று சொன்னால் அது என்ன நியாயம்?

எங்கள் ஊரில் தண்ணீர் குறைந்த வருஷங்களில் முறை வைத்துத்தான் பாய்ச்சுவார்கள். ஒரு சம்பா பருவத்தில் எங்கள் முறை விடிகாலையில் முடிந்தது. கிழக்கு மூலையில் மண் இன்னும் வெடித்தபடிதான் கிடந்தது. அப்பா நாலு வெட்டு மண்ணை வெட்டிப் போட்டு, காலால் மிதித்து எங்கள் மடையை அடைத்தார். கீழ் வயல்காரரோடு எங்களுக்கு வரப்புத் தகராறு, பேச்சுவார்த்தை கிடையாது. டார்ச் பிடித்துக்கொண்டு நின்ற என்னிடம், "ஓடிப் போயி அவங்க வீட்டுல தண்ணி வருதுன்னு சொல்லிட்டு வா" என்றார். போய்க் கதவைத் தட்டினேன். அந்த அத்தை என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்கவில்லை, உள்ளே திரும்பி மாமாவை எழுப்பினார். அவர் துண்டை இறுக்கிக்கொண்டே மண்வெட்டியோடு ஓடினார். தகராறு அதோடு தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள், அது கோர்ட்டு வரை போனது. தண்ணீர் முறையை மட்டும் இரண்டு வீட்டிலும் யாரும் தொடவில்லை.

இதை எந்தத் தாளில் எழுதிக் கொடுப்பீர்கள்? உங்கள் பிள்ளை எப்போதாவது வரப்பில் நின்றிருக்கிறானா? நிலத்தைக் குத்தகைக்கு விட்டதில் தப்பில்லை, பிழைப்பு அப்படி. ஆனால் வருஷம் ஒருமுறை காரில் வந்து குத்தகை நெல்லுக்குக் கணக்குப் பார்ப்பதை மட்டும் அவன் பார்த்தால், அவன் கற்பது அதைத்தான். இந்த ஆடிக்கு அழைத்துப் போங்கள். குத்தகைக்காரரிடம் சொல்லி ஒரு நாள் அவனே மடை திருப்பட்டும்.

இன்னொன்று. கடிதத்தை மூன்று தடவை படித்துப் பார்த்தேன், பத்துப் பாடமும் மகனுக்குத்தான். ஒன்பது வயதுப் பெண்ணுக்கு ஒரு வரி கூட இல்லையே, ஏன்? எங்கள் அப்பா அன்றைக்கு டார்ச்சைக் கொடுத்தது என் கையில். அவளையும் வயலில் இறக்குங்கள். அடுத்த கடிதத்தில் அவளைப் பற்றி எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா