பிரையன் காக்ஸ் 70 வயதுக்கு மேல்தான் ஜெயித்தாரா?

'சக்ஸெஷன்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் ஊடக முதலாளி லோகன் ராயாக வந்த பிரையன் காக்ஸுக்கு 72 வயதில்தான் நல்ல வேடம் கிடைத்ததா, அதுவரை என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டிருக்கிறீர்கள். உலகப் புகழ் வந்தது அப்போதுதான். ஆனால் நடிகராக அவர் உச்சத்தைத் தொட்டது அதற்கு 30 வருடம் முன்பே. இங்கிலாந்தின் மேடைகளில் நடந்ததால் அது நம் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

1946இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் பிறந்தவர். வங்காளத்திலிருந்து கப்பலில் வந்த சணலை வைத்துப் பிழைத்த ஊர் அது. அவருடைய அம்மாவும் சணல் ஆலையில் நூற்பு வேலை பார்த்தவர். ஐந்து பிள்ளைகளில் இவர் கடைக்குட்டி. எட்டு வயதில் அப்பா இறந்துபோனார், அம்மா மனம் உடைந்து நோயில் விழுந்தார், அக்காக்கள்தான் இவரை வளர்த்தார்கள். மீன் வறுவல் கடையில் போய், எண்ணெயில் உதிர்ந்து கிடக்கும் மாவுத்தூளைக் கேட்டு வாங்கித் தின்றதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

15 வயதில் படிப்பை விட்டுவிட்டு, டண்டீ ரெப்பர்ட்டரி தியேட்டரில் எடுபிடியாகச் சேர்ந்தார். தரை துடைக்கிற வேலையும் உண்டு. ரெப்பர்ட்டரி என்றால் ஊருக்கென்று ஒரு நிரந்தர நாடகக் குழு. இரவில் ஒரு நாடகம் ஓடும், பகலில் அடுத்ததற்கு ஒத்திகை நடக்கும். தொழிலை அங்கேயே கண்ணால் பார்த்துக் கற்றுக்கொண்டு, 1963இல் லண்டனின் லாம்டா நாடகப் பள்ளிக்குப் போனார். செலவை உதவித்தொகை பார்த்துக்கொண்டது. இன்று ஓர் ஏழை வீட்டுப் பையனுக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது என்று அவர் ஓயாமல் ஆதங்கப்படுகிறார். எனக்கும் அவர் கதையில் மிக முக்கியமான இடம் இதுதான் என்று தோன்றுகிறது. திறமை அவருடையது, சரி. ஆனால் நடந்து போகிற தூரத்தில் ஒரு நாடக அரங்கும், படிக்கப் பணமும் இல்லாமல் இருந்திருந்தால் அவரும் ஏதாவது ஆலைக்குத்தான் போயிருப்பார்.

அப்புறம் எடின்பரோவின் ராயல் லைசியம், பர்மிங்காம், லண்டன் என்று வரிசையாக மேடைகள். 1984இல் 'ராட் இன் த ஸ்கல்' நாடகத்துக்காக, பிரிட்டிஷ் மேடையின் பெரிய விருதான ஒலிவியர். 1987இல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனிக்காக டெபோரா வார்னர் இயக்கிய 'டைட்டஸ் அண்ட்ரானிகஸ்', அதற்கும் ஒலிவியர். பலரும் மேடையேற்றத் தயங்கிய, ரத்தம் தெறிக்கிற நாடகம் அது.

இதற்கு நடுவில்தான் 'மேன்ஹன்டர்' படம் (1986). மனிதரைக் கொன்று தின்னும் மனநல மருத்துவர் ஹானிபல் லெக்டராகத் திரையில் முதன்முதலாக வந்தவர் இவர்தான். ஸ்காட்லாந்தில் தூக்கிலிடப்பட்ட பீட்டர் மானுவல் என்ற கொலைகாரனை மனதில் வைத்து அந்த வேடத்தைச் செய்தார். வருவது சில நிமிடங்கள்தான். குரலை உயர்த்தாமல், சிறையறைக்குள் இருந்தபடியே எதிராளியின் நிம்மதியைக் கெடுத்துவிடுகிறார். அந்த ஆண்டின் கடைசியில் லண்டன் நேஷனல் தியேட்டரில் ஷேக்ஸ்பியரின் லியர் அரசனாக நடித்துக்கொண்டிருந்தவர் யார் தெரியுமா? அந்தோணி ஹாப்கின்ஸ். 1990இல் அதே அரங்கில் லியர் வேடம் காக்ஸுக்கு வந்தது. அடுத்த வருடம் 'த சைலன்ஸ் ஆஃப் த லாம்ப்ஸ்' படத்தில் ஹாப்கின்ஸின் லெக்டர் திரைக்கு வந்து ஆஸ்கரே வாங்கியது. அந்த ஒப்பீட்டில் காக்ஸ் தோற்றதாகப் பலர் எழுதுகிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இரண்டும் வேறு வேறு லெக்டர்கள். என்னை அதிகம் பயமுறுத்தியது காக்ஸுடையதுதான்.

லியருக்குப் பின் அவர் மேடையிலேயே பெரிய ஆளாக இருந்திருக்கலாம். அதை விட்டு அமெரிக்கப் படங்களில் துணைப் பாத்திரங்களைத் தேடிப் போனார். 1995இல் 'பிரேவ்ஹார்ட்', 'ராப் ராய்' இரண்டிலும் இருக்கிறார். 'த போர்ன் ஐடென்டிட்டி', 'எக்ஸ்2', 'டிராய்' என்று நீங்கள் பெயர் தெரியாமலே பார்த்த முகம் அது. 'நியூரம்பர்க்' தொடரில் ஹிட்லரின் தளபதி கோரிங்காக நடித்து 2001இல் அமெரிக்கத் தொலைக்காட்சியின் எம்மி விருது வாங்கினார்.

2018இல் 'சக்ஸெஷன்' வந்தது. லோகன் ராயும் டண்டீயில் பிறந்தவர் என்று கதையையே மாற்றினார்கள். 2020இல் கோல்டன் குளோப். 2025இல், 79 வயதில், மறுபடி டண்டீ ரெப்பர்ட்டரி மேடையில் ஏறி, பொருளாதார மேதை ஆடம் ஸ்மித்தின் ஆவியாக நடித்தார்.

லோகன் ராய் பிடித்திருந்தால் அடுத்து 'நியூரம்பர்க்' பாருங்கள். கோரிங் சிரித்துப் பேசியே சிறைக்காவலரை வசப்படுத்துகிற காட்சிகளைக் கவனியுங்கள். அதன்பின் 'மேன்ஹன்டர்'.