செட்டிநாட்டில் எங்கள் பூர்வீக வீட்டைப் பங்காளிகள் சிலர் இடித்து விற்கலாம் என்கிறார்கள். ஊர் யுனெஸ்கோ பட்டியலில் இருப்பது அதைத் தடுக்குமா?

தடுக்காது. 2014-ல் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பிடித்தது தற்காலிகப் பட்டியலில்தான். பின்னாளில் உலகப் பாரம்பரியத் தகுதிக்கு இந்தியா முன்மொழிய நினைக்கும் இடங்களின் வரிசை அது, அவ்வளவே. அதை வைத்து ஒரு நிலைக்கதவு கழற்றப்படுவதைக்கூட நிறுத்த முடியாது. 1958 தொல்லியல் சட்டமும் தேசிய முக்கியத்துவம் உள்ளவை என்று அறிவிக்கப்பட்ட சின்னங்களுக்கு மட்டும்தான். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு தடவை நடந்து பாருங்கள், யார் வீட்டுத் தூணோ, யார் வீட்டு அலமாரியோ விற்பனைக்கு நிற்கும். எனக்கு அந்தத் தெருவில் நடக்கவே மனசு வராது.

ஆக, வீடு நிற்பதும் விழுவதும் பங்காளிகள் கையில்தான். நம் வீடுகள் கட்டப்பட்டதே கூட்டாக ஆளத்தான்: முகப்பு, வளவு என்கிற நடுமுற்றம், அப்புறம் இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும், வளவைச் சுற்றி ஆளுக்கொரு அறை. இதை எப்படிக் கோடு போட்டுப் பிரிப்பது? வழக்கு என்று போனால், பாதிக்குக் குறையாத பங்கு உள்ளவர்கள் கேட்கும்பட்சத்தில், விற்றுப் பணத்தைப் பிரிக்க நீதிமன்றம் உத்தரவிடலாம் என்கிறது 1893 பாகப்பிரிவினைச் சட்டம். ஆனால் அதே சட்டத்தில், அப்படி விற்கக் கேட்பவரின் பங்கை நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்கு மற்றப் பங்குதாரர் வாங்கிக்கொள்ளவும் இடம் இருக்கிறது. வக்கீலிடம் முதலில் இதைக் கேளுங்கள். அதற்கும் முன்னால், முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ எல்லோரும் கூடும்போது பேசி, பராமரிப்புக்குப் பொதுக் கணக்கு ஒன்று தொடங்கப் பாருங்கள்.

இடிக்கச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் சொல்லும் காரணம் "ஒழுகுது, செலவு தாங்காது" என்பதுதான். அதனால் கையில் வரும் முதல் பணத்தைக் கூரையில் போடுங்கள், வர்ணத்தில் வேண்டாம். நாலு பக்கத்து ஓட்டுச் சரிவும் மழைத் தண்ணீரை வளவில் கொண்டுவந்து கொட்டுகிற அமைப்பு இது, இரண்டு சரிவு சேரும் கூடல்வாயில் இலை அடைத்தாலோ தகடு ஓட்டையானாலோ தண்ணீர் உத்திரத்தின் முனைக்கு, அதாவது சுவருக்குள் புதைந்திருக்கும் பகுதிக்குப் போய்விடும், பர்மா தேக்காக இருந்தாலும் அங்கே வருஷக்கணக்கில் ஈரம் நின்றால் உளுத்துப்போகும். மழைக்காலத்துக்கு முன்பு ஓடு மாற்ற ஆள் விடுவது பெரிய செலவே இல்லை. கைப்பிடிச் சுவரில் முளைக்கும் அரசங்கன்றை மேலாக வெட்டாமல் வேரோடு எடுக்கச் சொல்லுங்கள்.

சுவர் விஷயத்தில் கொத்தனார் சிமெண்ட் பூசலாம் என்பார். சம்மதிக்காதீர்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும், சிமெண்ட் அதை உள்ளே அடைத்துவிடும், கொஞ்ச நாளில் பூச்சு பாளம் பாளமாக உரியும். கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த அந்தப் பளபளப்பான பூச்சின் மேல் எமல்ஷன் அடிப்பதும் பாவம். ஈரத்துணியால் துடைத்தாலே பழைய மினுக்கு வந்துவிடும். தரையில் ஆத்தங்குடிக் கல் இருந்தால் ஆசிட் பக்கமே போகக்கூடாது. அது சூளையில் சுட்டதல்ல, கண்ணாடி மேல் சிமெண்டும் சாயமும் ஊற்றிச் செய்து தண்ணீரில் ஊறவைத்தது, ஆசிட் பட்டால் பூ அழிந்துவிடும்.

காநாடுகாத்தானிலும் கடியாபட்டியிலும் சில வீடுகள் தங்கும் விடுதியாகி நன்றாக நிற்கின்றன. குத்தகைக்குக் கேட்டு வந்தால் யோசிக்கலாம், எனக்கு அதில் மறுப்பில்லை. ஒப்பந்தத்தில் மட்டும் தூண், கதவு, கல் எதையும் கழற்றவோ இடம் மாற்றவோ கூடாது, சாமி அறையும் படைப்பு நாட்களும் குடும்பத்துக்கே என்று எழுதி வாங்குங்கள். கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு அறையையும் படம் எடுத்து, இருக்கும் பொருளை வரிசையாகக் குறித்து, எல்லாப் பங்காளிகளுக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள்.