பல வருடங்கள் ஆளே மாறாமல் வாசித்த மேற்கத்திய ஸ்ட்ரிங் குவார்டெட் (இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ சேர்ந்த நால்வர் குழு) எது? அவர்களை எந்தப் பதிவிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

அமடேயஸ் குவார்டெட். யோசிக்காமல் சொல்லிவிடுவேன். 1948 ஜனவரி 10 அன்று லண்டன் விக்மோர் ஹாலில் அந்தப் பெயரில் முதல் கச்சேரி செய்தார்கள். 1987 ஆகஸ்டில் அவர்களில் ஒருவரான பீட்டர் ஷிட்லோஃப் மாரடைப்பில் இறந்தார். இடைப்பட்ட நாற்பது வருடத்துக்கும் (சில மாதங்கள் குறைவு) அதே நான்கு பேர்தான். இறந்தவர் இடத்தில் இன்னொருவரைப் போடலாமே என்ற பேச்சுக்கே மற்ற மூவரும் இடம் கொடுக்கவில்லை. அன்றோடு குழு முடிந்தது.

முதலில் ஒரு விஷயம். நான் கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்தவன், மேற்கத்திய இசையை முறையாகப் படித்தவன் அல்ல. நடைபாதைக் கடையில் எடுத்த பழைய கேசட் ஒன்றுதான் என்னை இவர்களிடம் கொண்டு சேர்த்தது. அட்டையின் மேலே டாய்ச் கிராமஃபோன் என்ற இசைப்பதிவு நிறுவனத்தின் மஞ்சள் பட்டை இருந்தது. ஓடித் தேய்ந்த நாடா என்பதால் நீண்ட சுரங்கள் வரும்போதெல்லாம் லேசாக அலையடிக்கும். வெகுநாள் அதையும் வாசிப்பின் பகுதி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, நான்கு பேர் யார்? நார்பர்ட் பிரைனின் முதல் வயலின், சிக்மண்ட் நிசல் இரண்டாம் வயலின், பீட்டர் ஷிட்லோஃப் வயோலா, மார்ட்டின் லவெட் செல்லோ (வயலின் ஜாதிதான், ஆனால் பெரியது, சுருதி இன்னும் கீழே, உட்கார்ந்து வாசிப்பது). முதல் மூவரும் யூதர்கள், வியன்னா பக்கத்திலிருந்து வந்தவர்கள். 1938இல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியபின் பிரிட்டனுக்குத் தப்பி வந்த பையன்கள். தப்பி வந்த இடத்திலும் நிம்மதி இல்லை. 1940இல் பிரிட்டிஷ் அரசு ஜெர்மன், ஆஸ்திரியக் குடிமக்களை 'எதிரி நாட்டவர்' என்று பிடித்து முகாம்களில் அடைத்தபோது இவர்களும் உள்ளே போனார்கள். ஹிட்லருக்குப் பயந்து ஓடி வந்தவனை ஹிட்லரின் ஆள் என்று சந்தேகிப்பது எப்பேர்ப்பட்ட கூத்து!

ஆனால் அந்தக் கூத்தில்தான் குழுவே பிறந்தது. ஷ்ராப்ஷரில் ஒரு முகாமில் பிரைனினும் ஷிட்லோஃபும் சந்தித்தார்கள். பிறகு ஐல் ஆஃப் மேன் தீவு முகாமில் ஷிட்லோஃபுக்கு நிசல் பழக்கமானார். அப்போது மூவருக்கும் பதினேழு, பதினெட்டு வயது. வெளியே வந்ததும் மாக்ஸ் ராஸ்டல் என்ற வயலின் ஆசிரியர், அவரும் அகதிதான், மூவருக்கும் காசு வாங்காமல் சொல்லிக் கொடுத்தார். லவெட் மட்டும் லண்டனிலேயே பிறந்தவர். முதல் கச்சேரியின்போது அவருக்கு இருபது வயது. அந்தக் கச்சேரிக்கு அரங்க வாடகையாக 100 பவுண்டு கொடுத்து உதவியவர் இமோஜென் ஹோல்ஸ்ட். 'கிரகங்கள்' எழுதிய இசையமைப்பாளர் குஸ்தாவ் ஹோல்ஸ்டின் மகள்.

இதில் ஒரு சிக்கல் தெரிகிறதா? அகதியாக வந்த மூன்று பேரும் வயலின்காரர்கள். குவார்டெட்டில் இரண்டு வயலினுக்குத்தான் இடம். ஒருவர் வயோலாவுக்கு மாறியாக வேண்டும். வயோலா வயலினைவிடச் சற்றுப் பெரியது, சுருதி கீழே, குரல் கம்மியது போல இருக்கும். அந்தக் காலத்தில் வயலின் சரியாக வராதவன் எடுக்கும் வாத்தியம் என்று கேலியும் உண்டு. ஷிட்லோஃப் மாறினார். என்னைக் கேட்டால் அந்தக் குழுவின் அதிர்ஷ்டமே அதுதான். பிரைனின் மேலே துள்ளிக்கொண்டு போவார், உணர்ச்சி வந்துவிட்டால் விரல் அதிர்வு அகலமாகிவிடும். அதைக் கீழே பிடித்து நிறுத்துகிற பழுப்பு நிறக் குரல் ஷிட்லோஃபுடையது. பின்னாளில் அவர் வாசித்தது, பழைய இத்தாலிய வாத்தியக் கைவினைஞர் ஸ்ட்ராடிவாரி செய்த 'மெக்டொனால்ட்' வயோலா. ஸ்ட்ராடிவாரி கையால் செய்த வயோலாக்கள் பத்துச் சொச்சம்தான் மிச்சம். 2014இல் இந்த ஒன்றை 4.5 கோடி டாலருக்குக் குறையாமல் விற்கப் பார்த்தார்கள், வாங்க ஆள் வரவில்லை.

பதிவுகள் ஏறத்தாழ 200 இருக்கும். பெரும்பாலானவை டாய்ச் கிராமஃபோனுக்காக, அதாவது ஒரு ஜெர்மன் நிறுவனத்துக்காக. போர் முடிந்து ஐந்தே வருடத்தில், 1950இல், பெர்லின் வானொலிக்கு வாசித்திருக்கிறார்கள். எந்த மொழி பேசிய நாடு துரத்தியதோ அதே மொழி பேசிய ஹைடனையும் மோட்சார்ட்டையும் பீத்தோவனையும்தான் வாழ்நாள் முழுக்க வாசித்தார்கள். இருபதாம் நூற்றாண்டு இசை அவர்கள் ஸ்டுடியோ பதிவுகளில் குறைவு. அது குறைதான், மறுக்கமாட்டேன்.

எங்கே தொடங்குவது? பலரும் 1959 முதல் 1963 வரை அவர்கள் பதிந்த பீத்தோவன் முழுத்தொகுதியைக் கைகாட்டுவார்கள். நான் வேண்டாம் என்பேன். பீத்தோவன் கடைசிக் காலத்தில் எழுதிய குவார்டெட்டுகளுக்கு (நால்வருக்காக எழுதும் இசைக்கும் அதே பெயர்தான்) இதைவிட இறுக்கமான, கறாரான வாசிப்புகள் உண்டு. இவர்கள் அங்கே கொஞ்சம் இனிப்பைக் கூட்டிவிடுகிறார்கள்.

ஷூபர்ட்டின் சி மேஜர் குவின்டெட்டில் தொடங்குங்கள். நால்வரோடு இன்னொரு செல்லோ சேரும். வில்லியம் ப்ளீத் சேர்ந்து வாசித்த 1965 பதிவைத் தேடுங்கள். 1828இல், சாவதற்குச் சுமார் இரண்டு மாதம் முன்பு ஷூபர்ட் எழுதியது இது. 1850 வரை யாரும் மேடையில் வாசிக்கவில்லை.

இரண்டாம் பகுதிக்கு நேரே போய்விடாதீர்கள், முதலிலிருந்தே கேளுங்கள். ஆனால் இரண்டாம் பகுதி வந்ததும் கையில் இருக்கும் வேலையை வைத்துவிடுங்கள். நடுவில் மூன்று வாத்தியங்கள் நீண்ட சுரங்களைப் பிடித்துக்கொண்டு ஏறக்குறைய அசையாமல் நிற்கும். கீழே ஒரு செல்லோ விரலால் மீட்டிக்கொண்டே இருக்கும், கிணற்றில் சொட்டு விழுவது போல. மேலே பிரைனின் பாடமாட்டார், இரண்டு மூன்று சுரங்களை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துவார். ஏதோ சொல்ல வந்து வேண்டாம் என்று விட்டதுபோல. மற்ற இடங்களில் அவ்வளவு தாராளமாக அதிர்கிற மனிதர் இங்கே கையைக் கட்டிக்கொண்டு வாசிக்கிறார். பிறகு திடீரென்று ஒரு புயல் வரும். அது ஓய்ந்து முதல் பாட்டு திரும்பும்போது, அதே மீட்டல் இப்போது நிம்மதியாக ஒலிக்காது.

நம் காதுக்கு இன்னொரு வேடிக்கை கடைசிப் பகுதியின் கடைசி நொடியில் இருக்கிறது. குதூகலமாக முடிகிற பகுதி. முடிவில் எல்லோரும் சேர்ந்து ஷட்ஜத்துக்கு வந்து சேரும்போது சுத்த ரிஷபத்தை ஓங்கி உரசிவிட்டு விழுவார்கள். கொண்டாட்டத்தின் நடுவே யாரோ முகத்தைச் சுளித்தது போல இருக்கும். கேசட்டில் முதல்முறை கேட்டபோது நாடா மாட்டிக்கொண்டது என்றுதான் எழுந்து போனேன்.

அது பிடித்தால் அடுத்தது மோட்சார்ட்டின் குவின்டெட்டுகள். இதில் சிசில் ஆரனோவிட்ஸ் இரண்டாவது வயோலா. பியானோக்காரர் எமில் கிலெல்ஸோடு வாசித்த ஷூபர்ட்டின் 'ட்ரவுட்' குவின்டெட் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலைக்கு.

அப்புறம் பிரிட்டன். நாடு இல்லை, ஆங்கிலேய இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன். தன் மூன்றாம் குவார்டெட்டை அவர் இவர்களுக்காகத்தான் எழுதினார், 1975இல், இதயம் பழுதாகிப் போயிருந்த நேரத்தில். கடைசிப் பகுதியை வெனிஸில் போய் முடித்தார். காணிக்கையாக்கியது இசை விமர்சகர் ஹான்ஸ் கெல்லருக்கு. அவரும் வியன்னாவிலிருந்து வந்த அகதி, அவரும் தீவு முகாமில் இருந்தவர். 1976 செப்டம்பரில் நால்வரும் பிரிட்டனின் வீட்டுக்கே போய் வாசித்துக் காட்டினார்கள். டிசம்பர் 4 அன்று அவர் இறந்தார். டிசம்பர் 19 அன்று இங்கிலாந்தின் ஸ்னேப் என்ற ஊரில் அரங்கேற்றம். டெக்கா நிறுவனத்தில் பதிவு இருக்கிறது. கடைசிப் பகுதியில் ஒரே அடி மெட்டு செல்லோவில் நடந்துகொண்டே இருக்கும், மற்றவர்கள் அதன்மேல் ஒவ்வொருவராக வருவார்கள். முடிவு வீட்டுக்கு வந்து சேராது, கேள்விபோல அந்தரத்தில் நிற்கும்.

இதை ஷூபர்ட் கேட்ட அன்றே கேட்க வேண்டாம். ஒரு வாரம் போகட்டும்.