பக்கத்துத் தெருவையும் சேர்க்கலாமா? பாரம்பரியப் பகுதி விரிவாக்கம் பற்றிய கேள்வி பதில்

பாதுகாக்கப்பட்ட பாரம்பரியப் பகுதியின், அதாவது பழைய கட்டடங்களை விதி போட்டுக் காக்கும் வட்டாரத்தின், எல்லையை விரிவாக்குவது பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: எல்லை ஏற்கெனவே போட்டாயிற்று. அதை ஏன் மறுபடி கிளற வேண்டும்?

பதில்: முதலில் கோடு போட்டவர்களின் கண்ணுக்கு மாளிகைகளும் பொதுக் கட்டடங்களும்தான் பட்டிருக்கும். அவற்றைக் கட்டிய கொத்தனார்களும் தச்சர்களும் குடியிருந்த சந்துகள் வெளியே நின்றுவிடும். எனக்கு அந்தச் சந்துகள்தான் முக்கியம். அமெரிக்காவில் சட்டம் போட்டு ஒரு வட்டாரத்தையே முதலில் காத்த ஊர் சார்ல்ஸ்டன், ஆண்டு 1931. அந்த எல்லையும் பிற்பாடு விரிந்தது. நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜ் வட்டாரம் 1969-இல் பாரம்பரியப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. 2006-இலும் 2010-இலும் புதிய தெருக்கள் சேர்ந்தன. ஆகவே தயங்காமல் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் தெருவில் பாதி வீடுகள் உருமாறிவிட்டன. சேர்ப்பார்களா?

பதில்: அதை வீடு வீடாகப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அந்தத் தெருவின் வரலாற்றை இன்னும் காட்டும் வீடு எது, காட்டாத வீடு எது என்று பிரித்து ஒரு பட்டியல் போடுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு படம், கட்டிய காலம், எத்தனை மாடி, கூரை, ஜன்னல், முகப்பில் என்ன மாறியிருக்கிறது என்று குறியுங்கள். பழைய வரைபடம், வரிப் பதிவேடு, குடும்பங்களிடம் இருக்கும் பழைய புகைப்படம் எல்லாம் இதற்கு உதவும். புதுப் பூச்சுக்குப் பின்னால் பழைய சுவர் அப்படியே இருப்பதும் உண்டு, பார்த்தவுடன் கழித்துவிடாதீர்கள்.

பிறகு அதை வரைபடத்தில் இரண்டு நிறமாகத் தீட்டுங்கள். வரலாற்றைக் காட்டும் வீடுகளின் நிறம் எங்கே தொடர்ச்சியாக ஓடுகிறதோ அதுவரை கேளுங்கள். நடுத்தெருவில் கோடு போடாமல் வீட்டு மனைகளின் பின்புறத்தில் போடுங்கள்; தெருவுக்கு இரண்டு பக்கமும் வேண்டும். ஓரத்தில் உள்ள காலிமனையை விட்டுவிடலாம். நடுவில் இருந்தால் சேர்த்தே ஆகவேண்டும், ஏனென்றால் அங்கே எழும்பப் போகும் கட்டடம் தெருவையே மாற்றிவிடும். தூரத்தில் இருக்கும் ஒரே ஓர் அழகான வீட்டுக்காக எல்லையை வால் போல நீட்டாதீர்கள். அதைத் தனிக் கட்டடமாகப் பதியச் சொல்லிக் கேட்பதுதான் சரி.

கேள்வி: சேர்ந்துவிட்டால் ஆணி அடிக்கக்கூட அனுமதி வாங்க வேண்டுமா?

பதில்: இல்லை. பெரும்பாலான இடங்களில் தெருவிலிருந்து தெரியும் வெளிப்புற மாற்றத்துக்கும் இடிப்பதற்கும்தான் அனுமதி வேண்டும். பெயின்ட் நிறம் பற்றிய விதி இடத்துக்கு இடம் மாறும். ஆனால் சுமையே இல்லை என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். ஜன்னல் மாற்ற ஒரு விண்ணப்பம், கொஞ்சம் காத்திருப்பு, சில சமயம் கூடுதல் செலவு எல்லாம் இருக்கும்.

கேள்வி: வரலாற்று இடங்களின் தேசியப் பட்டியலில் பெயர் வந்தால் போதாதா?

பதில்: அமெரிக்காவில் போதாது. 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படியான தேசியப் பட்டியல் ஓர் அங்கீகாரம். சொந்தப் பணத்தில் இடிக்கும் தனியாரை அந்தப் பட்டியல் தடுக்காது. தடுப்பது உள்ளூர் விதி. எந்தப் பட்டியல், அது எதைத் தடுக்கும் என்று முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: வாடகை ஏறி, இருப்பவர்களே வெளியேற வேண்டி வந்தால்?

பதில்: நியாயமான பயம். பாதுகாப்பு விதி கட்டடத்தைக் காக்கும், வாடகையைக் கட்டுப்படுத்தாது. பிரான்சில் பழைய வட்டாரங்களைக் காக்க 1962-இல் வந்த மல்ரோ சட்டத்தால் பாரிசின் மரே வட்டாரக் கட்டடங்கள் பிழைத்தன; அங்கே இருந்த எளிய குடும்பங்களும் பட்டறைகளும் பெருமளவு வெளியேறிவிட்டன. அதனால் பழுதுபார்க்க உதவித்தொகை, வாடகைதாரருக்குப் பாதுகாப்பு இரண்டையும் விரிவாக்கத்தோடு சேர்த்தே கேளுங்கள். பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் நடக்காது. கூட்டத்துக்கு வீட்டுக்காரர்களை மட்டும் அழைக்காமல் வாடகைக்கு இருப்பவர்களின் கதவையும் தட்டுங்கள்.

கேள்வி: ஒருவர் வழக்குப் போடுவேன் என்கிறார்.

பதில்: நியூயார்க்கின் பழைய கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் மேல் அடுக்குமாடிக் கோபுரம் கட்ட நகரம் அனுமதி மறுத்தது செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1978-இல் தீர்ப்பளித்தது. உங்கள் நாட்டுச் சட்டம் வேறாக இருக்கலாம். எதுவானாலும் முதலில் அவர் வீட்டுக்குப் போய் என்ன கட்ட நினைக்கிறார் என்று கேளுங்கள். பின்பக்கம் ஓர் அறை என்றால் அனேகமாக வழி இருக்கும்.

கேள்வி: விண்ணப்பம் போட்டதுமே இடிக்க ஆரம்பித்துவிடுவார்களோ?

பதில்: நடக்கக்கூடியதுதான். நியூயார்க்கின் பழைய பென்சில்வேனியா ரயில் நிலையத்தை 1963-இல் இடிக்கத் தொடங்கினார்கள். பழைய கட்டடங்களைக் காக்கும் நகரச் சட்டம் 1965-இல்தான் வந்தது. சில இடங்களில் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்போது இடிக்க இடைக்காலத் தடை உண்டு. உங்கள் இடத்தில் உண்டா என்று விசாரியுங்கள். இல்லையென்றால், வீட்டுப் பட்டியலை முழுதாக முடித்துக் கையில் வைத்துக்கொண்டு, அப்புறம் வெளியே அறிவியுங்கள்.