நுகர்வோர் கேள்வி-பதில்: மழைக்கு முன் எதை வாங்குவது, எதை விடுவது?

கேள்வி: வேளச்சேரியில் முதல் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். நான், கணவர், பள்ளிக்குச் செல்லும் மகன், 78 வயது மாமியார் என நான்கு பேர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தெருவில் தண்ணீர் வடிவதற்கும் மின்சாரம் திரும்புவதற்கும் நாட்கணக்கில் காத்திருந்தோம். இந்த ஆண்டு ஐப்பசி பிறப்பதற்குள் தயாராகிவிட வேண்டும் என்று இணையத்தில் தேடியபோது, டார்ச், பவர் பேங்க், ரேடியோ, உலர் உணவு, முதலுதவிப் பொருட்கள் எல்லாம் அடங்கிய 'குடும்ப அவசரகாலப் பெட்டி' ஒன்று 6,500 ரூபாய்க்குக் கிடைப்பதைப் பார்த்தேன். வாங்கலாமா?
— வாசகி, வேளச்சேரி

பதில்: வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. உங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், என்ன சாப்பிடுவார்கள், எந்த மாத்திரை போட்டுக்கொள்கிறார்கள் என்பது அந்தப் பெட்டியைக் கட்டியவருக்குத் தெரியாது. உலர் உணவு என்ற பெயரில் வரும் கடினமான தானியக் கட்டியை உங்கள் மாமியாரால் மெல்ல முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். யாரும் தொடாமல் அலமாரியில் கிடந்து, காலாவதியாகி, கடைசியில் குப்பைக்குத்தான் போகும். அன்றாடம் நீங்கள் பயன்படுத்தும் பொருட்களையே ஒரு வாரத்துக்குக் கூடுதலாக வாங்கி வைத்து, பழையதை முதலில் எடுத்துப் புதியதைப் பின்னால் வைத்துக்கொண்டே வந்தால், எதுவும் வீணாகாது. பெட்டியின் விலையில் பாதிகூட ஆகாது.

முதலில் தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் உங்கள் நால்வருக்கும் 16 லிட்டர் வேண்டும். ஆகவே மூன்று 20 லிட்டர் கேன்கள் மூன்றே முக்கால் நாட்களுக்குத் தாங்கும். கேனை வாங்கும்போது மூடியை மூடியுள்ள உறை பிரிக்கப்படாமல் இருக்கிறதா, நிரப்பிய தேதியும், இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க உரிம எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். வெயில் படும் பால்கனியில் கேனை அடுக்காதீர்கள். புயல் எச்சரிக்கை வந்தவுடன், மின்சாரம் நிற்பதற்கு முன்பே மோட்டாரைப் போட்டு மேல்நிலைத் தொட்டியை நிரப்பச் சொல்லுங்கள். தெருவெள்ளம் தரைத்தொட்டிக்குள் இறங்கிவிட்டால் அந்தத் தண்ணீர் கழுவுவதற்குக்கூட உதவாது.

உணவைப் பொறுத்தவரை, நம் சமையலறையே இதற்கு ஏற்றதுதான். அவல் அடுப்பில்லாமல் நனைந்தாலே உணவாகிவிடும். பொட்டுக்கடலை, வெல்லம், சத்துமாவு, வறுத்த ரவை, ஊறுகாய் ஆகியவற்றை மாமியாரும் மகனும் முகம் சுளிக்காமல் சாப்பிடுவார்கள். சித்திரை வெயிலில் போட்ட சுண்டை வற்றலும் மணத்தக்காளி வற்றலும் மோர் மிளகாயும் வீட்டில் இருந்தால், காய் கிடைக்காத நாட்களில் வற்றல் குழம்போடு பொழுது போய்விடும். சமையல் எரிவாயுவுக்கு ஒரே ஒரு சிலிண்டர்தான் வைத்திருக்கிறீர்கள் என்றால், நான் பெட்டிக்குச் செலவிடாமல் இரண்டாவது சிலிண்டருக்கு விண்ணப்பிப்பேன். சிலிண்டர் வந்து இறங்கும்போது அதன் கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டைகளின் உட்புறத்தைப் பாருங்கள். 'பி-28' என்பதுபோல் ஓர் எழுத்தும் ஆண்டும் இருக்கும். சிலிண்டரை அடுத்த பாதுகாப்புப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டிய கெடு அது. ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன் வரை, சி, டி என்பவை அடுத்தடுத்த காலாண்டுகள். அந்தக் காலாண்டு கடந்திருந்தால் சிலிண்டரை வாங்காமல் திருப்பி அனுப்பலாம். காலி சிலிண்டரின் எடையும் அங்கேயே எழுதப்பட்டிருக்கும், அதோடு 14.2 கிலோவைக் கூட்டினால் வர வேண்டிய மொத்த எடை கிடைக்கும். எடைபோட்டுக் காட்டும்படி கேட்பது உங்கள் உரிமை.

பெட்டியில் உள்ள பவர் பேங்க் 10,000 எம்.ஏ.எச். (மின்கலக் கொள்ளளவின் அலகு) என்று விளம்பரத்தில் இருக்கும். அது உள்ளே இருக்கும் மின்கலத்தின் 3.7 வோல்ட் கணக்கு. 5 வோல்ட்டில் வெளியே வரும்போது 6,000 முதல் 6,500 வரைதான் தேறும் என்பதை, தரமான நிறுவனங்கள் பின்புறம் சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். 5,000 எம்.ஏ.எச். பேட்டரி கொண்ட கைபேசியை அதை வைத்து ஒரு முறை முழுதாக ஏற்றலாம், கொஞ்சம் மீதமும் இருக்கும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண், 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கி எட்டு இலக்கங்களோடு, அச்சிடப்பட்டிருக்க வேண்டும். இல்லாததை மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். வெளிச்சத்துக்கு, மின்சாரம் போனதும் தானே எரியும் இன்வெர்ட்டர் பல்புகள் இரண்டு போதும்; ஆனால் அவற்றை யாரும் புழங்காத அறையில் மாட்டிவிட்டால், சுவிட்ச் போடப்படாமல் சார்ஜ் ஏறாமலே கிடந்து, தேவைப்படும் நேரத்தில் கைவிட்டுவிடும். கூடத்திலும் சமையலறையிலும் மாட்டுங்கள்.

மாமியாரின் மாத்திரைகள் எப்போதும் இரண்டு வாரத்துக்குக் குறையாமல் கையிருப்பில் இருக்கட்டும். அவர் இன்சுலின் போட்டுக்கொள்பவர் என்றால், குளிர்சாதனப் பெட்டி நின்றுபோகும் நாட்களுக்காக ஈர மணல் நிரப்பிய ஒரு மண்பானையைத் தயாராக வையுங்கள். சிறு நோட்டுகளாகக் கொஞ்சம் பணமும் வேண்டும். மின்சாரமும் கைபேசிக் கோபுரமும் நின்றபின் யூ.பி.ஐ. வேலை செய்யாது.

பெட்டியை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. இணையத்தில் வாங்கும் உணவுப் பொருள் கைக்கு வரும்போது அதன் ஆயுளில் குறைந்தது 30 சதவீதமோ, காலாவதிக்கு 45 நாட்களோ மீதம் இருக்க வேண்டும் என்று எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2024 நவம்பரில் இணைய வணிக நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. பெட்டியைப் பிரித்ததும் உள்ளே உள்ள ஒவ்வொரு பொட்டலத்தின் தேதியையும் பாருங்கள். குறை இருந்தால், அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020ஆம் ஆண்டின் இணைய வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் வந்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் பகுதிக் கடையில் அதே அரிசி 10 கிலோ பையாக 640 ரூபாய்க்கும், 26 கிலோ மூட்டையாக 1,508 ரூபாய்க்கும் கிடைக்கிறது. மழைக்காலத்துக்கென்று இரண்டு மூட்டை வாங்கிப் போடலாமா? அதென்ன 26 கிலோ?
— வாசகர், அம்பத்தூர்

பதில்: 2022 ஜூலை 18 முதல், முன்கூட்டியே பொதிந்து லேபிள் ஒட்டி விற்கப்படும் 25 கிலோ வரையிலான அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. விதிக்கப்பட்டது. அதைத் தாண்டிய மூட்டைக்கு வரி இல்லை என்பதால் 26 கிலோ மூட்டை பிறந்தது. உங்கள் கணக்கில் பையில் கிலோ 64 ரூபாய், மூட்டையில் 58 ரூபாய். ஆக மூட்டைக்கு 156 ரூபாய் மிச்சம். ஒரு மூட்டை நல்ல பேரம்தான். இரண்டாவது மூட்டையைப் பற்றித்தான் எனக்குத் தயக்கம். உங்கள் குடும்பத்துக்கு ஒரு மூட்டை எத்தனை வாரம் வருகிறது என்று பார்த்து, இரண்டு மாதத்துக்குமேல் போகும் அரிசியை ஈரக்காற்று வீசும் காலத்தில் வீட்டில் வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது. வண்டு பெரும்பாலும் வெளியிலிருந்து வருவதில்லை. அரிசிக்குள் ஏற்கெனவே இருக்கும் முட்டைதான் ஈரமும் வெப்பமும் கிடைத்ததும் பொரிக்கிறது. அந்த 156 ரூபாயை வண்டு தின்றுவிட்டுப் போகும்.

மூட்டையைச் சுவரோடு ஒட்டாமல் பலகையின்மேல் வையுங்கள். இயன்றால் புரட்டாசியில் வெயில் அடிக்கும் நாளில் ஒருமுறை நிழலில் உலர்த்தி, இறுக்கமான மூடியுள்ள தகர டின்னில் கொட்டி, காய்ந்த வேப்பிலையையும் இரண்டு துண்டு வசம்பையும் துணியில் முடிந்து போடுங்கள். பருப்பை வெயிலில் நன்றாகவே காயவைக்கலாம். ரவையை வாங்கிய அன்றே வறுத்து வைத்துவிட்டால் புழு வைக்காது.

கேள்வி: மயிலாப்பூரில் பழைய வீடு. மழைக்காலச் சாமான்களை வைக்க இடமில்லாமல் பரண் நிரம்பி வழிகிறது. மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிகள் தொகுப்பாகத் தள்ளுபடியில் வருகின்றன. வாங்கி அடுக்கிவிடலாமா? ஓடாத இன்வெர்ட்டர் பேட்டரி ஒன்றும் மேலே கிடக்கிறது.
— வாசகி, மயிலாப்பூர்

பதில்: பரணைக் காலி செய்யும் முன் பெட்டி வாங்கினால், வேண்டாத பொருட்களுக்குப் புது வீடு கட்டிக் கொடுத்ததாகவே ஆகும். முதலில் இறக்குங்கள். இப்படிப்பட்ட பரண்களில் பாதி இடத்தை அடைத்திருப்பவை தொலைக்காட்சி, மிக்ஸி, குக்கர் ஆகியவற்றின் அட்டைப் பெட்டிகள்தான். திருப்பிக் கொடுப்பதற்கான கெடு முடிந்துவிட்டால் அட்டைப் பெட்டிக்கு வேலை இல்லை. உத்தரவாதத்துக்குத் தேவை ரசீதும் வரிசை எண்ணும். அந்த ரசீதுகளைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, மூலத்தை வீட்டுப் பத்திரம், ஆதார், காப்பீட்டுப் பத்திரம் ஆகியவற்றோடு நீர் புகாத ஓர் உறையில் போட்டு, அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். பெட்டி என்று ஒன்று வாங்குவதானால் இதற்கு வாங்கலாம்.

பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடும்போது, கொக்கித் தராசில் அரசு முத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்ட மாத்திரத்தில் எடை கூடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பேட்டரியை மட்டும் அவரிடம் கொடுக்காதீர்கள். உள்ளே ஈயமும் அமிலமும் இருப்பதால் அதை முறையாகத் திரும்பப் பெறும் பொறுப்பை 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் உற்பத்தியாளர்மீது சுமத்தியிருக்கின்றன. பேட்டரி விற்கும் கடையில் கொடுத்தால், புதிய பேட்டரியின் விலையில் கழித்துக்கொள்வார்கள். அந்தக் கழிவை ரசீதில் தனி வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள்; இல்லாவிட்டால், விலையை ஏற்றிவைத்துக் கழித்தார்களா என்பது தெரியாது.

கேள்வி: மழை பெய்தாலே காய்கறி விலை ஏறிவிடுகிறது. அதற்காகவே மாடித்தோட்டம் போடலாம் என்றிருக்கிறேன். 45 வகை விதைகள் 299 ரூபாய்க்குக் கிடைக்கின்றன. கூடவே 5 கிலோ தென்னை நார்க்கழிவுக் கட்டியும் 20 வளர்ப்புப் பைகளும் வாங்கச் சொல்கிறார்கள். செலவுக்கு ஏற்ற பலன் இருக்குமா?
— வாசகர், மாடம்பாக்கம்

பதில்: விலையேற்றத்துக்கு மருந்தாக மாடித்தோட்டத்தை நம்பாதீர்கள். தக்காளிக்கு நாற்றங்காலில் ஏறத்தாழ 25 நாட்களும், நட்டபின் இரண்டு மாதத்துக்குக் குறையாமலும் வேண்டும். 2023 ஜூலையில் சென்னையில் தக்காளி கிலோ 150 ரூபாயைத் தாண்டியபோது, ரேஷன் கடைகளில் அரசு 60 ரூபாய்க்கு விற்றதே தவிர, அப்போது விதைத்த எவருக்கும் அந்த விலை இறங்குவதற்குள் காய் கிடைத்திருக்காது. கடைத்தெருவுக்குப் போக முடியாத நான்கு நாட்களுக்குக் கீரையும் கறிவேப்பிலையும் பச்சைமிளகாயும் மாடியிலேயே கிடைக்கும் என்பதுதான் உண்மையான பலன். அதற்கு ஆறேழு பைகள் போதும்.

45 வகைத் தொகுப்பைத் தவிர்த்துவிடுங்கள். அதில் பாதி நம் வெயிலுக்கு வராத முட்டைக்கோசு வகைகளும் சாலட் இலைகளுமாக இருக்கும். மீதியில் பல, ஒன்றும் எழுதாத சிறு நெகிழி உறையில் பத்து விதையாக வரும். முறையான விதைப் பொட்டலத்தில் ரகத்தின் பெயர், குவியல் (லாட்) எண், முளைப்புத் திறன், பரிசோதனை செய்த தேதி, செல்லத்தக்க காலம் ஆகியவை இருக்க வேண்டும். பரிசோதனைத் தேதியிலிருந்து ஒன்பது மாதம்தான் அந்த லேபிளுக்கு ஆயுள். முளைப்புத் திறன் தக்காளிக்கும் கத்தரிக்கும் 70 சதவீதத்துக்கும், வெண்டைக்கு 65க்கும், மிளகாய்க்கு 60க்கும் குறையக் கூடாது. வாங்கியதில் பத்து விதையை ஈரத்துணியில் முடிந்து ஒரு வாரம் வைத்துப் பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும். நாற்று வேண்டுமென்றால் பக்கத்து நர்சரியில் வாங்குவதே சிக்கனம்.

எதை விதைப்பது என்பதில் பட்டம், அதாவது விதைக்கும் பருவம், முக்கியம். சிறுகீரையும் முளைக்கீரையும் 25 முதல் 30 நாட்களில் பறிப்புக்கு வரும். ஆனால் கனமழை அந்த மெல்லிய நாற்றுகளை மண்ணோடு படுக்கவைத்துவிடும் என்பதால், ஐப்பசி அடைமழைக்கு முன் ஒரு பறிப்பு எடுத்துவிடும்படி விதையுங்கள். மழையில் நின்று கொடுப்பவை கொடிப்பசலையும் பொன்னாங்கண்ணியும்தான். இரண்டுக்கும் விதைகூட வேண்டாம். தெரிந்தவர் வீட்டிலிருந்து ஒரு தண்டை ஒடித்து நட்டால் பிடித்துக்கொள்ளும்.

நார்க்கழிவுக் கட்டி ஒன்று போதும். 5 கிலோ கட்டி 20 லிட்டருக்குமேல் தண்ணீரைக் குடித்துப் பல மடங்கு உப்பும். உப்புத்தன்மை நீக்கியது என்று பையில் எழுதியிருந்தாலும் இரண்டு முறை அலசிப் பிழிந்துவிட்டு, செம்மண்ணும் மண்புழு உரமும் கலந்தே பயன்படுத்துங்கள். தனி நார்க்கழிவில் சத்து இல்லை. தோட்டக்கலைத் துறை மானிய விலையில் மாடித்தோட்டத் தளைகள் (பொருட்களின் தொகுப்பு) வழங்குவதுண்டு. கடைக்குப் போகும் முன் உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் இருப்பு உண்டா என்று விசாரித்துவிடுங்கள்.

தளத்தையும் கவனிக்க வேண்டும். ஆள் நடமாடும் மொட்டை மாடி சதுர மீட்டருக்கு 150 கிலோ தாங்கும்படிதான் இந்தியத் தர விதிகளின்படி வடிவமைக்கப்படுகிறது. மழையில் ஊறிய ஒரு பெரிய பை 25 கிலோவைத் தொட்டுவிடும் என்பதால், பைகளை நடுவில் குவிக்காமல் சுவரோரமாக, செங்கல்லின்மேல் தூக்கி வையுங்கள். பையிலிருந்து வழியும் நார்க்கழிவு மழைநீர்க் குழாய் வாயை அடைத்துக்கொண்டால், தேங்கிய நீர் கீழ்வீட்டுக் கூரையில் கசியும். வாடகை வீட்டில் அதற்கான செலவு உங்கள் தலையில்தான் விழும். குழாய் வாயில் ஒரு சல்லடையைப் பொருத்திவிடுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் கைப்பிடிச் சுவரின்மேல் உள்ள தொட்டிகளை இறக்கிவிட வேண்டும்.

கேள்வி: வெள்ள நேரத்தில் பால் பாக்கெட்டையும் மெழுகுவத்தியையும் இரட்டை விலைக்கு விற்கிறார்கள். வாங்கியபின் புகார் செய்ய முடியுமா?
— வாசகர், முடிச்சூர்

பதில்: முடியும். பொட்டலப் பொருளை அச்சிட்ட அதிகபட்சச் சில்லறை விலைக்குமேல் கடையில் விற்பது வெள்ள நேரத்திலும் விதிமீறல்தான். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் பால் விற்பனையில் இது பரவலாக நடந்ததாகச் செய்திகள் வந்தன. ரசீது தர மாட்டார்கள் என்பதால் யூ.பி.ஐ. வேலை செய்தால் அதில் பணம் செலுத்துங்கள், அதுவே சான்று. உறையின் விலை அச்சையும் கடைப் பலகையையும் படம் எடுத்து, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலோ, தொழிலாளர் துறையின் கீழ் வரும் சட்டமுறை எடையளவு அதிகாரிகளிடமோ புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் மெழுகுவத்தியைப் பிரித்துத் தனித்தனியாக எண்ணி விற்றால், அச்சிட்ட விலை என்று சுட்டிக்காட்ட உங்கள் கையில் எதுவும் இருக்காது. ஆகவே பிரிக்காத பாக்கெட்டாகவே கேட்டு வாங்குங்கள்.