ஆர்வி (உள்ளேயே சமைத்துத் தூங்க வசதியுள்ள வண்டி) எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு ராக்கி மலைக்குப் போகிறோம். ஆற்றங்கரையில் எந்த கேம்ப்கிரவுண்டைத் தேர்ந்தெடுப்பது?

நாலு வயதிலும் ஒன்பது வயதிலும் இரண்டு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பா, வாடகை ஆர்வி, ஜூன் கடைசியில் கொலராடோ என்று எழுதியிருக்கிறீர்கள். தண்ணீருக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது என்றும் சொல்லியிருக்கிறீர்கள். நான் டென்வர் பக்கம் குடியிருப்பவன். கோடை வந்தால் எங்கள் வீட்டின் சனி ஞாயிறுகள் பெரும்பாலும் ஏதாவது ஓர் ஆற்றங்கரையில்தான் கழியும். நான் சொல்வது இதுதான்: தண்ணீரை ஒட்டிய முதல் வரிசையை விட்டுவிடுங்கள். இரண்டாவது, மூன்றாவது வரிசையில், ஆற்றைவிட நன்றாக மேடாக இருக்கும் இடத்தைப் பிடியுங்கள். அங்கிருந்து மேலே ஏறிப் போக ஒரு வழியும் இருக்க வேண்டும். மின்சாரம், ஷவர், வைஃபை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

மலை ஆறு நம் ஊர் ஆறு மாதிரி கிடையாது. பள்ளத்தாக்கு குறுகல், சரிவு அதிகம், இருபுறமும் பாறை. பெய்த மழைக்குப் பரவ இடமில்லாததால் நேராக ஆற்றில் இறங்கும். 1976 ஜூலை 31 அன்று மாலை, எஸ்டஸ் பார்க் என்ற ஊருக்குக் கீழே பிக் தாம்சன் ஆற்றின் பள்ளத்தாக்கில் சில மணி நேரத்துக்குள் சுமார் 12 அங்குல மழை கொட்டியது. அந்த ஒரே இரவில் 140 பேருக்கு மேல் இறந்தார்கள். வார இறுதியைக் கழிக்க வந்தவர்கள் அவர்களில் ஏராளம். வண்டியை எடுத்துக்கொண்டு சாலை வழியாகவே தப்பிக்கப் பார்த்தவர்கள் பலர் மாட்டிக்கொண்டார்கள். வண்டியை விட்டுவிட்டுப் பக்கத்துச் சரிவில் ஏறியவர்கள் பிழைத்தார்கள். வெள்ளம் வந்தால் மேலே ஏறுங்கள் என்று கொலராடோவின் பள்ளத்தாக்குச் சாலைகளில் இன்று நீங்கள் பார்க்கும் பலகைகள் அதற்குப் பிறகு வந்தவை. ஆர்விக்காரர்களுக்கு இது இன்னும் முக்கியம். முப்பது அடி வண்டியைக் கிளப்பித் திருப்பி ஓட்ட நேரம் இருக்காது. வண்டி போனால் காப்பீடு இருக்கிறது.

மழையே இல்லாமலும் இது நடக்கும். 1982 ஜூலை 15 காலையில் ராக்கி மலைத் தேசியப் பூங்காவுக்குள் லான் லேக் என்ற ஏரியின் பழைய மண் அணை உடைந்தது. அந்த வெள்ளத்தில் இறந்த மூன்று பேரில் இருவர், ஃபால் ரிவர் கரையிலுள்ள ஆஸ்பன்கிளென் கேம்ப்கிரவுண்டில் தங்கியிருந்தவர்கள். அந்த முகாம் இன்றும் இயங்குகிறது, அழகான இடம். போகக் கூடாது என்று நான் சொல்லவே மாட்டேன். இடத்தை மேட்டுப் பக்கமாகப் பார்த்து எடுங்கள், அவ்வளவுதான். கலிஃபோர்னியாவில் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் அப்பர் ரிவர், லோயர் ரிவர் என்று இரண்டு முகாம்கள் இருந்தன. 1997 ஜனவரி வெள்ளத்தில் அழிந்த அவற்றைப் பூங்கா நிர்வாகம் மீண்டும் திறக்கவில்லை.

இன்னொன்றையும் பாருங்கள்: மேலே சமீபத்தில் காடு எரிந்திருக்கிறதா? எரிந்த சரிவில் மழைநீர் மண்ணுக்குள் இறங்காது. சாம்பலையும் கட்டைகளையும் வாரிக்கொண்டு வந்துவிடும். 2020-ல் கேமரன் பீக் தீ கொலராடோ வரலாற்றிலேயே பெரியது. மறு ஆண்டு ஜூலையில், எரிந்த அந்தப் பகுதியிலிருந்து பூடர் பள்ளத்தாக்கில் இறங்கிய சேறு வீடுகளையும் மனிதர்களையும் அடித்துக்கொண்டு போனது.

முகாமுக்குப் போய்ச் சேர்ந்ததும் ஆர்வியை நிறுத்துவதற்கு முன்னால் ஐந்து நிமிடம் கரையோரம் நடந்து பாருங்கள். வில்லோ புதர்களின் கிளைக் கவட்டையில் காய்ந்த புல்லும் செத்தையும் குச்சியும் ஒரே பக்கமாகச் சீவிவிட்டது போலச் சிக்கியிருக்கும். ஆறு அந்த உயரம் வரை வந்து போயிருக்கிறது என்று அர்த்தம். சில இடங்களில் அது உங்கள் தலைக்கு மேலே இருக்கும். அப்படியென்றால் அலுவலகத்தில் கேட்டு வேறு இடம் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஜூன் மாதத்துக்கு வேறொரு குணம் உண்டு. பனி பகலில் உருகும். அந்தத் தண்ணீர் உயரத்திலிருந்து இறங்கி வர நேரம் எடுப்பதால், பல இடங்களில் ஆறு இரவில்தான் ஏறும். மாலையில் பிள்ளைகள் உட்கார்ந்து விளையாடிய கல் காலையில் தண்ணீருக்குள் இருக்கும். நீர் அப்போதுதான் பனியாக இருந்து உருகியது. விழுந்தால் பெரியவர்களுக்கே மூச்சு அடைக்கும், கைகால் சீக்கிரம் மரத்துவிடும். முழங்காலுக்குக் கீழே ஓடும் வேகமான தண்ணீர்கூட ஆளைச் சாய்த்துவிடும். நாலு வயதுக் குழந்தை கரையில் நிற்கும்போதே லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கட்டும்.

ஆற்றின் வளைவையும் பாருங்கள். வளைவின் உட்புறத்தில் கூழாங்கல் திட்டும் ஆழமில்லாத தண்ணீரும் இருக்கும். வெளிப்புறத்தில் கரை அரிந்து, மேலே புல் மூடி, கீழே பள்ளமாக இருக்கும். தண்ணீரில் மரம் விழுந்து கிடந்தால் அந்தப் பக்கமே வேண்டாம். தண்ணீர் கிளைகளுக்குள் புகுந்து போய்விடும், ஆள் சிக்கிக்கொள்வார். பாறைகளில் மோதி நுரைத்து ஓடும் இடம் படத்துக்கு நன்றாக இருக்கும். ஆனால் அந்த இரைச்சலில் சில அடி தள்ளி நிற்கும் குழந்தை கூப்பிடுவது உங்கள் காதில் விழாது. குடும்பத்துக்கு ஏற்றது புல்வெளியில் மெதுவாக நெளிந்து ஓடும் ஆறு.

ஆர்வி சமாச்சாரம் சுருக்கமாக. பதிவுத் தளத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் வண்டியின் அதிகபட்ச நீளம் போட்டிருக்கும்; உங்கள் வண்டியின் மொத்த நீளத்தை வாடகைக்காரரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முதல்முறை ஓட்டுபவர் என்றால் பின்னால் எடுத்து நிறுத்தும் இடத்தைவிட நேராக நுழைந்து நேராக வெளியேறும் புல்-த்ரூ நிம்மதி. தேசியப் பூங்கா முகாம்கள் பலவற்றில் மின் இணைப்பு கிடையாது. இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தில் வந்து தேங்குவதால் ஆற்றங்கரைதான் அதிகம் குளிரும். ஹீட்டர் புரொப்பேன் வாயுவில் எரிந்தாலும் அதன் விசிறி பேட்டரியில் ஓடுகிறது, விடிவதற்குள் பேட்டரி இறங்கிவிடும். அதனால் கூடுதல் கம்பளி வைத்துக்கொள்ளுங்கள். சமைப்பீர்கள் என்றால், அரிசி கழுவிய தண்ணீரையும் சாம்பார்ப் பாத்திரம் கழுவியதையும் ஆற்றிலோ புதரிலோ ஊற்றாதீர்கள். அந்த வாசனைக்குக் கரடி வரும். ஆர்வித் தொட்டியில் சேர்த்து, கழிவுநீரை இறக்குவதற்கென்றே இருக்கும் டம்ப் ஸ்டேஷனில் விடுங்கள்.

அம்மா அப்பாவுக்காக முதல் இரவு, முடிந்தால் இரண்டு இரவு, டென்வரிலேயே தங்குங்கள். அதுவே 5,280 அடி உயரம். நேராக எட்டாயிரம் அடிக்கு ஏற்றினால் தலைவலியும் மூச்சிரைப்பும் வரலாம். பள்ளத்தாக்குகளில் பல இடங்களில் செல்போன் எடுக்காது என்பதால், பேட்டரியில் ஓடும் வானிலை ரேடியோ ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் சொல்லுங்கள் என்று கேட்டால், உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்வது ராக்கி மலைத் தேசியப் பூங்காவின் மொரெய்ன் பார்க். முகாம் மேட்டில் பாண்டரோசா பைன் மரங்களுக்கு நடுவே இருக்கிறது. கீழே அகன்ற புல்வெளியில் அதே பிக் தாம்சன் நெளிந்து போகிறது. பகலில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடந்து போய் விளையாடிவிட்டு, இரவில் மேட்டுக்கு வந்து தூங்கலாம். கோடைக்கான பதிவு ஆறு மாதம் முன்பே திறந்து சீக்கிரம் தீர்ந்துவிடும். இப்போது இடம் இல்லையென்றால், ஞாயிறு முதல் வியாழன் வரையான இரவுகளுக்கு யாராவது ரத்து செய்கிறார்களா என்று தினமும் பார்த்துக்கொண்டிருங்கள், கிடைத்துவிடும்.